கை மாற்றும் இடம்

எனக்குக் கதைக்க வராது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். உழவு இயந்திரம் ஓட்டுகிறவனுக்குக் கதை தேவையும் இல்லை. இயந்திரம் போடுகிற சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டினால் போதும். வயலிலும் வரம்பிலும் நான் அப்படியே காலத்தை ஓட்டிவிட்டேன். கலியாணப் பேச்சுக்களில்தான் சிக்கல் வந்தது.

முன்பு ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில், என்னை வான் சாரதி என்று நினைத்து, தேத்தண்ணியை வெளியே வானடிக்குக் கொண்டுவந்து தந்தார்கள். உள்ளே போகக் கூச்சப்பட்டு வானுக்குப் பக்கத்திலேயே நின்றது என் பிழைதான். அக்காவின் கணவர், என் அத்தான், உள்ளே இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். அத்தானுக்குக் கதை என்றால் சோறு வேண்டாம். அன்று அவர் கதைத்த கதையில் அவர்தான் மாப்பிள்ளை என்று அந்த வீட்டார் முடிவு கட்டிவிட்டார்கள். 'ஆளுக்கு வயது கொஞ்சம் கூட, ஆனால் நல்ல கலகலப்பு, எங்களுக்குச் சம்மதம்' என்று பிறகு சொல்லியனுப்பினார்கள். அக்கா ஒரு கிழமையாக அத்தானோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், எல்லோரும் என்னை மறந்துவிட்டார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தபோது, அக்கா நான் இருக்கிற ஒட்டுசுட்டானுக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு பெண். தையல் வேலை. தாயைக் கடைசி வரை பார்த்ததில் வயது போய்விட்டது. நாங்கள் கோயில், அவர்கள் சேர்ச். அதைப் பற்றிக் கேட்டதற்கு, "இந்த வயசில உனக்கு அதுவும் ஒரு கேள்வியோ?" என்றார் அக்கா.

படத்தைக் காட்டினார். தையல் மெசினுக்கு முன்னால் இருந்து, படம் எடுத்த ஆளைப் பார்த்து எதற்கோ சிரிக்கிற முகம். அந்தச் சிரிப்பு என்னத்துக்கு என்று எனக்குத் தெரிய வேண்டும் போல இருந்தது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் படத்தைத் திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் பிந்திவிட்டது. அக்கா கவனித்துவிட்டார்.

"அவா ஒரு சொல்லுத்தான் சொன்னவா. முதல்ல போனில கதைச்சுப் பாக்கோணுமாம். லண்டனிலயிருந்து தமையன் வந்து நிக்கிறார். அவர் திரும்பிப் போக முன்னம் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவாவாம். கதைப்பியோ?"

"ஓம்" என்றேன்.

அந்த 'ஓம்' ஒன்றுதான் பிறகு போனிலும் வந்தது. முதல் நாள் அந்தப் பெண் எடுத்தார். சாப்பிட்டீங்களோ என்றார். ஓம் என்றேன். மழையோ என்றார். ஓம் என்றேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வேலை எல்லாம் எப்படி என்றார். அதற்கும் ஓம் என்று சொல்லிவிட்டு, வெட்கம் தாங்காமல் போனை வைத்துவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் அக்கா எடுத்தார்.

"டேய், நீ என்ன, கோட்டில சாட்சிக் கூண்டிலயே நிக்கிறாய்? ஓம் ஓம் எண்டுகொண்டு! அவா பயந்துபோனா. ஏதாவது கேளன்ரா!"

"என்னத்தைக் கேக்கிறது?"

"சாப்பிட்டீங்களோ எண்டு கேள்."

"அவா கேட்டிட்டா."

அக்கா போனிலேயே தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

இனி அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வராது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று பின்னேரம் ஒரு குரல் பதிவு வந்தது. தையல் மெசின் ஓடுகிற சத்தத்துக்கு மேலாக அவர் கதைத்தார்.

"உங்களுக்குக் கதை வராதெண்டு விளங்கீட்டுது. பரவாயில்லை. பாட்டு அனுப்புங்கோ. நீங்கள் ஒண்டு, நான் ஒண்டு. புதுப் பாட்டு வேண்டாம். சின்னனில கேட்டு மனசில நிண்ட பாட்டு. பாட்டில ஆளைப் பிடிக்கலாம்."

அது எனக்கு நல்ல வழியாகப் பட்டது. மனதில் நின்ற பாட்டும் என்னிடம் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டின் பெயர் எனக்குத் தெரியாது. பாடியவர் பெயர் தெரியாது. சொற்களும் தெரியாது. அது இங்கிலிஷ் பாட்டு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

என் சித்தப்பா கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர். எண்பத்து மூன்று கலவரத்தோடு ஊருக்கு வரும்போது மற்றவர்கள் சட்டி பானையோடு வர, இவர் ஒரு ரேப் ரெக்கோடரையும் ஒரு பாட்டுக் கசற்றையும் அணைத்துக்கொண்டு வந்தார். அறுபதுகளில் வெள்ளைக்காரப் பெடியள் கிற்றாரும் ட்ரம்முமாகப் பாடிய பாட்டுகள். தான் வெங்காயம் உரித்த காலத்தில் மேல்மாடியில் ஆட்டத்துக்குப் போடுகிற பாட்டுகள் என்று சொல்லுவார். எங்கள் ஒழுங்கையில் அதைவிட வேறு கசற் இல்லாதபடியால், ஒழுங்கை முழுவதற்கும் அந்தப் பாட்டுகள்தான் பிடித்த பாட்டுகள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், தேங்காய் திருவும்போது அதில் ஒன்றை முணுமுணுப்பார். திருவாசகம் பாடுகிற அதே பக்தியோடு.

சண்டை நடந்த அந்த நாட்களில் வன்னிக்குள் கரண்ட் இல்லை. பற்றரியையும் ஆமிக்காரர் உள்ளே வர விடமாட்டார்கள். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் முட்ட விட்டு, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோவிலிருந்து வயர் ரேப் ரெக்கோடருக்குப் போகும். சில்லு சுற்றும்வரை பாட்டு. சில்லு நின்றால் பாட்டும் நிற்கும்.

சித்தப்பா அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். யாருக்குப் பிடித்த பாட்டோ அவர் சுற்ற வேண்டும். சட்டம் நல்லதுதான். ஆனால் பாட்டுப் பிடித்தவர்களுக்கெல்லாம் சுற்றுகிற நேரம் பார்த்துத் தோள் நோகும், அல்லது மாடு கத்தும். அப்போது நான் இளந்தாரி. நான் சுற்றுகிறேன் என்று போய்க் குந்திவிடுவேன். எல்லோரும் என்னை நல்ல பிள்ளை என்றார்கள். உண்மை என்னவென்றால், சுற்றுகிறவனிடம் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆடு என்று இழுக்கமாட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு நடுவில் ஒளிந்திருக்க அதைவிட நல்ல இடம் எனக்குப் பிறகும் கிடைக்கவில்லை.

அதனால் அந்தப் பாட்டுகளை நான் காதால் பழகவில்லை, கையால் பழகினேன். எனக்குப் பிடித்த பாட்டில், ட்ரம் தொடங்கும்போது கை புதிதாக இருக்கும். பல்லவி இரண்டாம் முறை வரும்போது வலக்கை விட்டுப்போகும். சில்லு சோரும். பாடுகிறவரின் குரல் மெல்ல மெல்லக் கிணற்றுக்குள் இறங்கும். எருமை ஒன்று துக்கப்படுகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தில் இடக்கைக்கு மாற்றுவேன். பாட்டு ஒரு மூச்சு நின்று, பிறகு உதறிக்கொண்டு எழும்பும். எழும்பும்போது ஒழுங்கை முழுவதும் 'ஓ' என்று கத்தும்.

அந்தப் பாட்டைத் தேடித்தான் சந்தியிலிருந்த போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய உடம்புக்காரர், நல்ல மனிதர். ஒரே குறை, குரல் மட்டும் ஒலிபெருக்கி.

"பாட்டுப் பேர் தெரியாதோ? பிரச்சினையில்லை அண்ணை! போனுக்குப் பாடிக் காட்டினால் அதே கண்டுபிடிக்கும். இந்தாங்கோ, பாடுங்கோ!"

கடையில் போனுக்குக் காசு ரீலோட் போட நின்ற ஆட்கள் எல்லோரும் திரும்பினார்கள். பிறகு வாறன் என்றேன். அவர் போனை என் வாய்க்கு நேரே பிடித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக 'லா லா' என்று இழுத்தேன்.

போன் யோசித்தது. பிறகு ஒரு தாலாட்டைக் காட்டியது. இல்லை என்றேன். திரும்பப் பாடினேன். இந்த முறை செத்த வீட்டுக்கு வாசிக்கிற ஏதோ ஒன்றைக் காட்டியது.

"அண்ணை, நீங்கள் கனக்க இழுக்கிறியள். கொஞ்சம் கெதியாப் பாடுங்கோ."

"அது மெதுவான பாட்டு."

"சும்மா ஒருக்காப் பாடிப் பாருங்கோவன். அதுசரி, கையில என்ன?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். என் வலக்கை தன்பாட்டில் காற்றில் பெடல் சுற்றிக்கொண்டிருந்தது. கையைச் சட்டைப் பைக்குள் விட்டேன். கை உள்ளே போனதும் பாட்டு வரவில்லை. வேறு வழியில்லாமல் திரும்ப வெளியே எடுத்து, வேகமாகச் சுற்றி, வேகமாகப் பாடினேன். ரீலோட் போட வந்தவர்கள் தாளம் போடத் தொடங்கினார்கள்.

போன் கண்டுபிடித்துவிட்டது. கடைக்காரர் வெற்றியோடு பாட்டைப் போட்டார். ட்ரம் அதே ட்ரம்தான். ஆனால் யாரோ விரட்டுகிற மாதிரி ஓடியது. பாடியவரின் குரலைக் கேட்டதும் எனக்குச் சீ என்றாகிவிட்டது. என் ஆள் கனத்த குரல்காரர், குடும்பப் பொறுப்புள்ளவர். இது மீசை முளைக்காத பெடியன்.

"இது அவரில்லை" என்றேன்.

"அண்ணை, இதுதான் முதன்முதல் பாடின ஆள். உலகம் முழுக்க இதைத்தான் கேக்குது."

"உலகத்துக்கு அவரைத் தெரியாது போல" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு கடைக்குள் நின்று நான் சொன்ன மிக நீளமான வசனம் அதுதான்.

சித்தப்பாவின் ரேப் ரெக்கோடரையும், சைக்கிளையும், என் கையையும் வீடு போகிற வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் விளங்கியது. நான் சுற்றிய வேகம் போதாமல்தான் பெடியனின் குரல் கனத்திருக்கிறது. அந்தக் குடும்பப் பொறுப்புள்ள மனிதர் உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை. என் தோள்மூட்டுத்தான் அவர்.

என்றாலும் பாட்டை அனுப்பினேன். வேறு என்ன செய்ய? ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அவரும் ஒன்று அனுப்பினார். அதுவும் இங்கிலிஷ், அதே காலத்துப் பாட்டு. தமையன் விடுதியில் படித்தபோது கொண்டுவந்த கசற்றில் கேட்டதாம். கூடவே குரல் பதிவு.

"உங்கட பாட்டு நல்லாயிருக்கு. என்ர பாட்டைத் தேடி எடுத்தனான். ஆனால் இது சரியில்லை. நடுவில ஒரு இடம் இருக்கு. பாட்டு அப்பிடியே நிண்டு, பிறகு எழும்போணும். இதில நிக்காமல் போகுது. எனக்குப் பிடிச்சதே அந்த இடம்தான். அண்ணாட்டைக் கேட்டன், கசற்றில கோளாறு எண்டுறார். எனக்கெண்டால் அது கோளாறு மாதிரித் தெரியேல்ல."

அதைக் கேட்டபோது நான் அடுப்படியில் பருப்புக்கு முன்னால் நின்றேன். பருப்பு அடிப்பிடித்தது. நின்று எழும்புகிற இடம். அது எது என்று இந்த உலகத்தில் எனக்குத்தான் தெரியும்.

முதல்முறையாக, யாரும் ஒன்றும் கேட்காமல், குரல் பதிவுப் பொத்தானை நான் அமத்தினேன்.

"சைக்கிளை ஆர் சுத்தினது?"

அவ்வளவுதான் சொன்னேன். அனுப்பியபிறகு பயம் வந்தது. மறுமொழி வரவில்லை. பருப்பைக் கொட்டிச் சட்டியைக் கழுவினேன். வரவில்லை. கோழிகளை அடைத்துவிட்டு வந்து பார்த்தேன். வந்திருந்தது. பாதிக்கு மேல் சிரிப்புத்தான்.

"ஐயோ! நான்தான்! நான்தான் சுத்தினனான்! அண்ணாவும் அவற்ற கூட்டாளியளும் கதிரையில இருந்து கேப்பினம். நான் கடைக்குட்டியெண்டு என்னைப் பிடிச்சு இருத்திவிடுவினம். வலக்கை நொந்தால் இடக்கைக்கு மாத்துவன். அந்த இடம்! அதையெல்லாம் நான் மறந்தே போனன்!"

அன்றிலிருந்து எனக்குக் கதை வந்தது. எல்லாக் கதையும் இல்லை, அந்த ஒரு கதை. கையில் ஒட்டுகிற ரயர்க் கறுப்பு. டைனமோ வழுக்காமல் இருக்க அதன் தலையில் சுற்றிய ரியூப் துண்டு. ஆட்கள் வேகமாகச் சுற்று என்று கத்தினால், அவர்களைப் பழிவாங்க இன்னும் வேகமாகச் சுற்றிப் பாடகரை எலி ஆக்குவது. அதை அவரும் செய்திருக்கிறார். "அண்ணாவுக்குப் பிடிச்ச பாட்டெண்டால் கட்டாயம் எலிதான்" என்றார். நான் அனுப்புவேன், அவர் அனுப்புவார். பாட்டு ஒன்று வந்தால், அதில் எந்த இடத்தில் கை மாறும் என்று இருவரும் தனித்தனியே சொல்லிப் பார்ப்போம். ஒரே இடத்தைத்தான் சொல்லுவோம்.

அக்கா எடுத்துக் கேட்டார்: "என்னடா, போன் எந்த நேரமும் பிசி?"

"கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

"ஆரோட?" என்றார் அக்கா, உண்மையாகவே விளங்காமல்.

தமையன் திரும்பிப் போகிற நேரம் நெருங்க, வீட்டுக்கு வரச் சொன்னார்கள். நான், அக்கா, அத்தான். இந்த முறை வான் நின்றதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தானிடம், "நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது" என்றார். அத்தான் வாயைக் கையால் பொத்திக் காட்டினார்.

தமையன் முன் அறையில் பெரிய ஸ்பீக்கர் ஒன்றோடு இருந்தார். லண்டனிலிருந்து கொண்டுவந்ததாம். அறுபதுகளின் பாட்டு என்றால் தனக்கு உயிர் என்றார். பாடகர்கள் யார், யாரோடு சண்டை பிடித்துப் பிரிந்தார்கள், எல்லாம் சொன்னார். நான் ஓம் என்றேன். பெண் குசினியில் இருந்தார். சட்டி முட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி, நீங்கள் தங்கச்சிக்கு முதல்ல அனுப்பின பாட்டை இண்டைக்குத்தான் கேட்டனான்." அதை ஸ்பீக்கரில் போட்டார். மீசை முளைக்காத பெடியன் ஓடினான். தமையன் பாதியில் நிறுத்தினார். "இதில என்ன சொல்லுறான் தெரியுமோ?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"'நான் போறன், என்னைப் பாத்துக்கொண்டு இருக்காதை, உனக்கும் எனக்கும் சரிவராது.' இதுதான் பாட்டு. முதல் சொல்லிலயிருந்து கடைசிச் சொல்லு மட்டும் இதுதான். பொம்பிளை கேட்டு வாற ஆள் இதையோ அனுப்புறது?"

அக்காவின் முகம் வெளுத்தது. அத்தானுக்கு இனியும் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ! எங்கட ஆளுக்கு ஒரு இழவும் விளங்காது!"

அக்கா அத்தானின் காலை மிதித்தார். பிந்திவிட்டது.

"விளங்காத பாட்டு என்னெண்டு பிடிச்சது?" என்றார் தமையன். கோபமில்லை, ஆனால் விடுகிற ஆளும் இல்லை. "எனக்கு ஒரு தங்கச்சிதான். நான் போனால் பிறகு கேக்க ஆளில்லை. இந்தப் பாட்டில உங்களுக்கு என்ன பிடிச்சது? அதைச் சொல்லுங்கோ, தம்பி."

குசினியில் சட்டிச் சத்தம் நின்றுவிட்டது.

சொல்லப் பார்த்தேன். சைக்கிள் என்று தொடங்க வேண்டும் என்று தெரியும். சொல் வாய்வரை வந்து திரும்பிப் போனது. எழும்பினேன். நான் வானடிக்குப் போகப் போகிறேன் என்று நினைத்து அக்கா, "டேய்" என்றார். கதைக்கத்தான் எனக்கு வராது. பாடுவது, போன் கடையில் ஒருமுறை பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். வலக்கையை நீட்டிச் சுற்றத் தொடங்கினேன்.

ட்ரம்மை வாயால் போட்டேன். முதல் பல்லவி சரியாகப் போனது. என் பழைய வேகத்தில், குடும்பப் பொறுப்புள்ள குரலில் போனது. யார் என்ன சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிராது. இரண்டாம் பல்லவி வந்தது. தோள் நொந்தது. உழவு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய தோள், இப்போது வயதும் போய்விட்டது. கை சோர்ந்தது. குரல் இறங்கியது, இன்னும் இறங்கியது. கிணற்றின் அடி தெரிந்தது. அங்கே போய் நான் நிற்கப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

குசினிக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது.

"கை மாத்துங்கோ!"

மாற்றினேன். பாட்டு ஒரு மூச்சு நின்று, உதறிக்கொண்டு எழும்பியது. உள்ளே இருந்து 'ஓ' என்று ஒரு கத்தல். எங்கள் ஒழுங்கை முழுவதும் கத்துவதை அவர் தனியாகக் கத்தினார்.

கண்ணைத் திறந்தபோது தமையன் வாயைத் திறந்தபடி இருந்தார். அத்தான் வாயை மூடியபடி இருந்தார். இரண்டையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதென்ன கூத்து?" என்றார் தமையன்.

குசினிக்குள் இருந்து அந்தப் பெண் தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தார். படத்தில் இருந்த அதே சிரிப்பு.

"அண்ணா, நீங்கள் கதிரையில இருந்து கேட்ட ஆள். உங்களுக்கு இது தெரியாது." பிறகு அக்காவைப் பார்த்து, "இனிப் போனில கதைக்கத் தேவையில்லையக்கா. கிட்ட இருந்தே கதைக்கிறம்" என்றார்.

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தமையன் ஸ்பீக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது. இன்னும் ஒரு பல்லவி பாக்கி இருக்கிறது, பாதியில் விடவும் மனமில்லை என்று நின்றேன். அது தட்டோடு நின்றவருக்கு விளங்கியது.

"இருந்து குடியுங்கோ. மிச்சத்தை நான் சுத்துறன்."

வலக்கை சுற்றிக் களைத்துவிட்டது. தேத்தண்ணியை இடக்கையால் வாங்கினேன். அக்கா முறைத்தார். வீட்டுக்குள், கதிரையில் இருந்து குடித்தேன்.